சீர்ப் பெட்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் கண் விழிக்கப் பதினொரு நிமிடம் எடுத்துக்கொண்ட காலம் அது. பொத்தானை அழுத்திவிட்டு மாடியில் துணி காயப்போட்டுவிட்டு வந்தால் சரியாக இருக்கும். ஜனவரியில் ஏழு நிமிடம், மார்ச்சில் ஒன்பது, மே மாதம் பதினொன்று என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். எதையாவது அளந்து எழுதிவிட்டால் அது கொஞ்சம் என் கைக்குள் வந்துவிட்டது போல் இருக்கும். அந்த வருடம் என் கைக்குள் வேறு எதுவும் இல்லை.

2006. கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் முடித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கூடப் படித்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். நான் விருத்தாசலத்தில், செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டில் இருந்தேன். காரணம் எளிமையானது. எனக்கு ஜாதகம் எடுத்துவிட்டார்கள். ஜாதகம் வெளியே போய்விட்டால் பெண் வீட்டில் இருக்க வேண்டும். எந்த ஞாயிற்றுக்கிழமை யார் பார்க்க வருவார்கள் என்று சொல்ல முடியாது.

அப்பா மின்கம்பங்களுக்கான பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் ஒரு யூனிட்டில் சூளைக்குப் பொறுப்பாக இருந்தார். மணிக்கொரு தடவை சூட்டைப் பார்த்துத் தாளில் எழுதும் வேலை. அதனால் என் நோட்டுகள் மேல் அவருக்கு மரியாதை உண்டு. ஒரு நாள் நான் மாடிக்குப் போய்த் திரும்பும்வரை அந்தத் திரை கறுப்பாகவே இருந்ததைப் பார்த்துவிட்டு, "என்ன செய்யலாம்னு எழுதிக் குடு பாப்பா. பாப்போம்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். ஒன்று, நினைவகமான ராம் மட்டும் கூடுதலாகப் போடுவது. இரண்டு, மதர்போர்டையும் ப்ராசஸரையும் மாற்றுவது. அப்படிச் செய்தால் ராமும் பவர் சப்ளையும் சேர்ந்தே மாறும். மூன்று, மொத்தமாகப் புதிது. நான்கு, ஒன்றும் செய்யாமல் இருப்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரில் எத்தனை வருடம் தாங்கும் என்று ஒரு கட்டம் போட்டிருந்தேன். அந்தக் கட்டத்தைப் போட்டதுதான் தப்பு.

அப்பா சத்தமாகப் படித்தார். அம்மா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ராம் போட்டா ஒரு வருஷம் ஓடும்னு எழுதியிருக்குது."

"ஒரு வருஷம் எதுக்கு? தையில முடிச்சிடலாம்" என்றாள் அம்மா.

"போர்டு மாத்துனா நாலு வருஷம்."

"நாலு வருஷம் இவ இங்கயா உக்காந்திருக்கப் போறா? வாயக் கழுவுங்க."

ஒரு மெஷினின் ஆயுளைப் பற்றித்தான் நான் எழுதியிருந்தேன். எங்கள் வீட்டில் அது வேறொன்றின் கணக்காகப் படிக்கப்பட்டது. ஒரு வருடம் என்றால் அதிகம், நாலு வருடம் என்றால் அபசகுனம். தைக்குள் தீர்ந்துபோகிற மாதிரி ஒரு உதிரிப்பாகம் எந்தக் கடையிலும் கிடைக்காது. தாள் டி.வி. மேல் போய்ச் சேர்ந்தது.

அடுத்த மாதம் திட்டக்குடியில் அம்மாவின் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் சீர் வரிசை வைத்திருந்தார்கள். பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ், கிரைண்டர், அதற்குப் பக்கத்தில் மாலை போட்டு ஒரு கம்ப்யூட்டர். அம்மா அதன் எதிரில் கொஞ்ச நேரம் நின்றாள். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம், "அந்தப் பழசுக்கு எதுக்கு வைத்தியம்? புதுசே வாங்கிடலாம். இவ சீருக்கு ஆச்சு" என்றாள்.

எனக்குச் சந்தோஷம்தான். கடைக்கு நானே போய் உட்கார்ந்து, என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லி, கண்ணெதிரே மாட்ட வைத்து வாங்கினேன். மூன்று அட்டைப் பெட்டிகள் ஆட்டோவில் வந்தன. அம்மா குங்குமம் வைத்தாள். பிறகு மூன்றையும் சின்ன அறையில், ஏற்கெனவே கிரைண்டரும் மிக்ஸியும் பித்தளை அண்டாவும் இருந்த கட்டில்மேல் ஏற்றச் சொல்லி, மேலே ஒரு பழைய புடவையைப் போட்டு மூடினாள்.

"ம்மா, பிரிக்கலையா?"

"சீர் சாமான யாராவது பிரிப்பாங்களா? பிரிச்சா அது நம்ம சாமானு. பிரிக்காதது அவங்க சாமானு."

"எவங்க?"

"வர்றவங்க."

"இது குத்துவிளக்கு இல்லம்மா. வச்சிருந்தா பழசாயிடும்."

"பிரிக்காம வச்சிருந்தா எப்படிடீ பழசாவும்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் நாலு பக்கத்துக்குப் பதில் இருந்தது. பில் போட்ட நாளிலிருந்தே வாரன்டி ஓட ஆரம்பித்துவிட்டது, தை மாதம் இதைவிட நல்லது இதைவிடச் சல்லிசாகக் கிடைக்கும், எல்லாம் சொன்னேன். அம்மா பத்தாவது படிக்கும்போதே அவளுக்குக் குத்துவிளக்கு வாங்கி வைத்துவிட்டார்களாம். ஏழு வருடம் கழித்து எடுத்தபோது வாங்கிய அன்று இருந்த மாதிரியே மின்னியதாம்.

ஆக, வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஓடிக்கொண்டிருந்தது பழையது. புதியது புடவைக்குள் இருந்தது. நான் இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருந்தேன்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. பிரவுசிங் சென்டருக்குப் போக எனக்குப் புதனும் சனியும் ஒரு மணி நேரம் அனுமதி. அன்றைக்கு மெயிலைத் திறந்தால், நான் எப்போதோ விண்ணப்பித்திருந்த சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து பதில். நேர்முகத் தேர்வுக்கு முன்னால் ஒரு புரோகிராம் எழுதி அனுப்ப வேண்டும்: ஒரு நூலகத்தின் புத்தகங்களை டேட்டாபேஸில் வைத்து, யார் எடுத்தார்கள், எப்போது திருப்பினார்கள் என்று பார்க்கிற மாதிரி. இரண்டு வாரம் அவகாசம். அதை எழுதத் தேவையான மென்பொருளைச் சிடியில் பதிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். பழைய மெஷின் சிடியைப் படித்துவிட்டு, தன்னிடம் இருக்கிற ராமைப் போல இரண்டு மடங்கு வேண்டும் என்று ஒரு சின்னப் பெட்டியில் சொல்லி நின்றுவிட்டது.

சென்டரிலேயே உட்கார்ந்து எழுதலாமா? அறுபது மணி நேரம் ஆகும் என்று கணித்தேன். எனக்குக் கொடுத்திருந்தது வாரத்துக்கு இரண்டு.

திங்கட்கிழமை காய் வாங்கப் போகிற சாக்கில் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன்.

"அந்த மாடல் ராம் இப்ப வர்றதே இல்லீங்க மேடம்" என்றார் கடைக்காரர். "அதான் புதுசு வாங்குனீங்களே, அது என்னாச்சு?"

"அது கல்யாணத்துக்கு."

"யாருக்குக் கல்யாணம்?"

"எனக்குத்தான்."

"அடேங்கப்பா, மாப்பிள்ளை எந்த ஊருங்க?"

"இன்னும் தெரியலைங்க."

அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு ஸ்க்ரூவை எடுத்து மேஜைமேல் உருட்டினார்.

அன்று மத்தியானம் அம்மா கண்ணயர்ந்த நேரத்தில் புடவையை விலக்கி, நடுப்பெட்டியின் அடிப்பக்கத்து டேப்பைப் பிளேடால் கீறினேன். திட்டம் சின்னதுதான். புதியதில் இருக்கும் ராமை மட்டும் எடுத்துப் பழையதில் மாட்டி, பத்துப் பன்னிரண்டு நாள் ஓட்டிவிட்டு, திரும்ப வைத்துவிடுவது. கேபினட் என்கிற வெளிக்கூட்டை இழுத்துப் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். மூடியின் ஓரத்தில் கடைக்காரர் ஒட்டியிருந்த வாரன்டி ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. கிழித்தால் வாரன்டி இல்லை. கிழித்தேன். ராமைப் பழைய மெஷினின் பள்ளத்தில் வைத்து அழுத்தினால் இறங்கவில்லை. பழையதற்கு இரண்டு வெட்டு, புதியதற்கு ஒன்று. எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும், தெரியும். ஆனாலும் தெரியாத மாதிரி ஒரு தடவை அழுத்திப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க்கின் வாயும் வேறு. பவர் சப்ளையின் செருகு முனையும் வேறு. புதியதிலிருந்து எதையும் தனியாகப் பிய்த்துப் பழையதற்குக் கொடுக்க முடியாது.

கேபினட்டைப் பெட்டிக்குள் தள்ளிவிட்டுப் புடவையைப் போட்டு மூடினேன். அதற்குப் பிறகு நோட்டில் எழுதினேன். எல்லாவற்றையும் மாற்றினால்? வெளிக்கூடு மட்டும் அப்படியே இருந்தால்?

வியாழக்கிழமை மங்கலம்பேட்டையில் ஒரு வளைகாப்பு. அம்மா பத்து மணி பஸ்ஸுக்குப் போனாள். நாலு மணிக்கு வருவாள். ஆறு மணி நேரத்தை வேலைகளாகப் பிரித்து எழுதிக்கொண்டேன். இரண்டு கேபினட்களையும் ஹாலில் பாய் விரித்துப் படுக்க வைத்தேன். கழற்றிய ஸ்க்ரூக்கள் கலந்துவிடக் கூடாது என்று சமையலறையிலிருந்து பணியாரக் கல்லை எடுத்து வந்தேன். ஒரு குழியில் போர்டு ஸ்க்ரூ, ஒரு குழியில் டிஸ்க் ஸ்க்ரூ, ஒன்றில் பவர் சப்ளையுடையது. ஏழு குழியும் பயன்பட்டன. புதிய போர்டு, புதிய டிஸ்க், புதிய பவர் சப்ளை எல்லாவற்றையும் பழைய வெளிறிய கேபினட்டுக்குள் இறக்கினேன். பழையதையெல்லாம் கறுப்பு நிறப் புதுக் கேபினட்டுக்குள் பூட்டினேன். வெறுமனே விட்டால் தூசு தட்டும்போது அம்மா பெட்டியை நகர்த்தினால் எடை காட்டிக் கொடுத்துவிடும். மூன்று மணிக்கு ஹால் மெஷினைப் போட்டேன். முப்பத்தெட்டு விநாடியில் வந்துவிட்டது. அம்மாவுக்குத் தெரிந்தது திரையில் இருக்கும் பிள்ளையார் படம் ஒன்றுதான். அதே படத்தை வைத்தேன்.

அம்மா வந்தாள், வளையல் காட்டினாள், படுத்தாள். ஒன்றும் கவனிக்கவில்லை. அப்பா ஆறு மணிக்கு வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே வாசலில் நின்றுவிட்டார். அவர் பர்னர் சத்தத்தை வைத்தே சூளைக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லக்கூடியவர். எனக்கு அது ஞாபகமே வரவில்லை.

"மெஷினு சத்தம் மாறியிருக்குது" என்றார்.

"தொடச்சேன்பா. ஃபேன்ல களிமண் தூசு."

"தூசு போனா சத்தம் கொறையும். இது வேற ஃபேனு."

நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நேராகச் சின்ன அறைக்குப் போய்ப் புடவையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

"இப்படியா கட்டுவாங்க? டேப்பு மேல டேப்பு ஒட்டியிருக்கிற. எந்தக் கண்ணும் கண்டுபிடிச்சிடும்." குரலைத் தாழ்த்தினார். "எத்தனை நாளைக்கு?"

"ஒம்போது நாள்."

மறுநாள் யூனிட்டிலிருந்து அகலமான டேப் உருளை ஒன்றைக் கொண்டுவந்தார். அம்மா குளிக்கப் போன நேரத்தில், லாரியில் ஏற்றும் சரக்கைக் கட்டுவது போல் ஒரே இழுப்பில் அடிப்பக்கத்தை ஒட்டினார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேலை விஷயத்தைச் சொல்லியிருப்பேன். கேட்காததால் சொல்லவில்லை. அவர் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் உடந்தை.

புரோகிராமை எழுதி, சிடியில் போட்டு, கெடு முடிகிற சனிக்கிழமை சென்டரிலிருந்து அனுப்பினேன். அதன் பிறகு உள்பாகங்களைத் திரும்ப மாற்றியிருக்க வேண்டும். நோட்டில் அது கடைசி வேலையாக இருந்தது. அதற்கு மட்டும் நான் தேதி போடவில்லை.

போனிலேயே நேர்முகத் தேர்வு நடத்தினார்கள். அன்றைக்குத்தான் வீட்டில் சொல்ல வேண்டி வந்தது. அம்மா, "சும்மா பேசிப் பாக்கட்டும், காசா பணமா" என்றாள். செப்டம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை முடிவு வந்தது. தேர்வாகியிருக்கிறேன். அடுத்த மாதம் முதல் வாரத்தில் சேர வேண்டும். இரண்டு வருடம் விலக மாட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். சம்மதமா இல்லையா என்று அடுத்த புதன்கிழமைக்குள் எழுத வேண்டும்.

வீட்டில் முதல் வாக்கியத்தை மட்டும் சொன்னேன்.

"நல்லதுதான்" என்றார் அப்பா. "நாளைக்கு நெய்வேலிலேர்ந்து பாக்க வர்றாங்க. அவங்கள ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்."

"அவங்க இன்னும் என்னப் பாக்கவே இல்லையேப்பா."

"பாத்த பிறகு கேக்கலாம்."

"பிடிக்கலைன்னு போயிட்டா?"

"அடுத்து வர்றவங்களக் கேக்கலாம்" என்றாள் அம்மா. அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

யார் என்று தெரியாத ஒருவரின் சாமானைத் தொடக் கூடாது. யார் என்று தெரியாத ஒருவர் சரி என்றால்தான் சென்னைக்குப் போகலாம். எங்கள் வீட்டில் இல்லாத அந்த ஆளுக்கு இருந்த இடம் வீட்டில் இருந்த எனக்கு இல்லை. அதை நான் நிதானமாகத்தான் யோசித்தேன். கோபப்பட்டால் புதன்கிழமை தள்ளிப் போகாது.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பையன், அவன் அம்மா, ஒரு பெரியப்பா. பையன் கேசரியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் அம்மா வீட்டைச் சுற்றிப் பார்க்க எழுந்தார். என் அம்மா அவரைச் சின்ன அறைக்கு அழைத்துப் போய்ப் புடவையை விலக்கினாள். நான் பின்னால் காபி டம்ளர்களோடு நின்றேன்.

"எல்லாம் அப்பப்ப வாங்கி வச்சதுங்க. இது கம்ப்யூட்டரு. பிரிக்கவே இல்ல."

"கம்ப்யூட்டரா?" அந்த அம்மாள் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். தட்டியது சரியாக என் பழைய போர்டு இருந்த இடத்தில். "எங்க வூட்டுல ஏற்கெனவே ரெண்டு இருக்குதுங்க. இத எங்க போய் வைக்கிறது? நீங்களே வச்சிக்குங்க. வாஷிங் மெஷினு வேணா போடுங்க. ஆறு கிலோ இருக்கணும், எங்களுது பெரிய குடும்பம்."

அப்பா என் வேலை விஷயத்தை எடுத்தார். "வேலையா? எங்க வூட்டு வேலையச் செஞ்சா போதாதா?" என்று அந்த அம்மாள் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பாவுக்குச் சிரித்ததில் புரையேற, தண்ணீர் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலையில் அம்மா கொண்டையை முடிந்துகொண்டு சின்ன அறைக்குள் நுழைந்தாள். இரவெல்லாம் அந்தப் பேச்சு அவளை அரித்திருக்க வேண்டும். "வைக்க எடமில்லையாம். நான் ஆசையா வாங்குனதுக்கு எடமில்லையாம். பிரிடீ. நாமளே வச்சிக்கலாம். ஹால்ல கெடக்கறதத் தூக்கிப் போடு."

இத்தனை மாதம் நான் கேட்டுக்கொண்டிருந்த உத்தரவு அது.

"ம்மா, இதுல இருக்கிறது பழசு."

"பிரிக்கறதுக்கு முன்னாடியே பழசுன்னு ஆரம்பிக்காத."

"வெளிய இருக்கிற கூடுதான் புதுசு. உள்ள இருக்கிறது நம்ம ஹால் மெஷினு. புதுசு ஹால்ல ஓடிட்டிருக்குது. மங்கலம்பேட்டை வளைகாப்புக்குப் போனல்ல, அன்னைக்கு மாத்துனேன்."

அம்மா ஹாலைப் பார்த்தாள். அதில்தான் அவளுடைய அம்மன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே அப்பா சொன்னார்: "பெட்டியக் கட்டுனதே நான்தான்."

"கூட்டுக் களவாணிங்க! அந்தம்மா நேத்து சரின்னு சொல்லியிருந்தா, நாலு பேரு முன்னாடி பழசுக்கு மாலையப் போட்டு வச்சிருப்பேனே நானு!"

"அதுக்குள்ள திருப்பி மாத்தியிருப்பேன்மா."

"எப்ப?"

அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு மெதுவாக நழுவிவிட்டார்.

"இப்ப மாத்து. என் கண்ணு முன்னாடி."

பாயை விரித்தேன். பணியாரக் கல்லைக் கொண்டுவந்தபோது அம்மா அதைப் பார்த்த பார்வையில் கல் இளகியிருக்கும். எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நான் கழற்ற ஆரம்பித்தேன். முதல் அரை மணி நேரம் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அது என்னது, பச்சையா?" என்றாள். சொன்னேன். "இது?" சொன்னேன். கொஞ்ச நேரத்தில் நான் கேட்பதற்கு முன்பே சரியான குழியிலிருந்து சரியான ஸ்க்ரூவை எடுத்து நீட்டினாள்.

"இதெல்லாம் காலேஜுல சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்ல. நானா பாத்துக் கத்துக்கிட்டேன்."

இன்னும் இரண்டு ஸ்க்ரூ கொடுத்தாள். "அந்தம்மா உன்ன ஒரு கேள்வி கேக்கலடீ. வாஷிங் மெஷினு எத்தன கிலோன்னு கேட்டா. நீ என்ன படிச்சிருக்கன்னு கேக்கல."

நான் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் அவள் நிறுத்திவிடுவாள்.

"என்னைக்குள்ள பதில் சொல்லணும்?"

"புதன்கிழமை."

"தங்கறது?"

"ஹாஸ்டல். பொண்ணுங்க மட்டும். எட்டு மணிக்கு கேட்டப் பூட்டிடுவாங்க."

"ஆறு மாசம். அதுக்கு மேல கெடையாது. நல்ல எடமா வந்துச்சுன்னா பாதியிலயே வந்துடணும். ஞாயித்துக்கிழமை வரச் சொன்னா ரயிலு இல்ல, லீவு இல்லன்னு சொல்லக் கூடாது."

"சரி."

எல்லாவற்றுக்கும் சரி என்றேன். கையில் புதிய போர்டு இருந்தது. இரண்டு கேபினட்டும் திறந்து கிடந்தன. "அப்ப இத எதுல மாட்டட்டும்?" என்று கேட்டேன்.

அம்மா புதுக் கேபினட்டின் மேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

"புதுசுலயே மாட்டிக் கட்டி வை. கம்ப்யூட்டரு இல்லாத வூடும் இருக்கும்ல."

மாட்டினேன். தெர்மகோலைச் சொருகினேன். அவள் அட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்ள, நான் டேப் ஒட்டினேன். புடவையை அவளே போர்த்தினாள்.

புதன்கிழமை சென்டருக்குப் போனேன். சம்மதம் என்று எழுதி, கீழே அவர்கள் கேட்டிருந்தபடி, இரண்டு வருடம் விலக மாட்டேன் என்ற வரியைத் தப்பில்லாமல் தட்டினேன். வீட்டில் ஆறு மாதம் என்று ஒப்புக்கொண்டிருந்தேன். நடுவில் பதினெட்டு மாதம் இருந்தது. அதை எப்படிச் சமாளிப்பது என்று நோட்டில் எழுத உட்கார்ந்து, ஒன்று என்று எண் போட்டதோடு நின்றிருந்தேன். தட்டிய வரியை இன்னொரு தடவை படித்தேன். நேரம் முடிந்துவிட்டது என்று சென்டர்காரர் குரல் கொடுத்தார். அனுப்பினேன்.